“பால் பற்றவில்லை” என்னும் பேச்சு

குழந்தை பிறந்த வீட்டுக்குச் சென்று வருவோர் பெற்றவளைப் பார்த்து முதலில் கேட்பது, “பால் இருக்கிறதா?” என்பதே. அன்பினால்தான் கேட்கின்றனர். ஆயினும் ஒரு வாரத்துக்குள் அக்கேள்வி “பால் பற்றவில்லை” என்னும் தீர்ப்பாகிவிடுகின்றது. தீர்ப்பை வழங்குவோர் பெரும்பாலும் மாமியாரும் அண்டை வீட்டாருமே.

முதலிரண்டு மூன்று நாள்களில் சுரப்பது மஞ்சள் நிறச் சீம்பால். முதல் நாளில் அது சில தேக்கரண்டிகளுக்கு மேல் வாராது. சிசுவின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். நோய் தடுக்கும் சத்துகள் செறிந்த அதனைக் ‘கெட்ட பால்’ என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் நாவில் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் முற்றும் அற்றுப்போகவில்லை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்தி மூச்சையே அடக்கிவிட வல்லது. சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பர். குணம் வந்ததோ இல்லையோ, வயிற்றோட்டம் வந்ததை நாம் கண்டதுண்டு.

குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் ஊறும். உறிஞ்சப்படாது தேங்கினால் சுரப்பு குன்றும். “பற்றவில்லை” என்று ஒரு வேளை புட்டிப்பால் புகட்டினால், பசியாறிய குழந்தை அவ்வேளை மார்பை நாடுவதில்லை. அதனாற் பால் குறைகின்றது. இரண்டாம் புட்டி வருகின்றது. பொய்யாகச் சொன்ன சொல் ஒரு திங்களில் மெய்யாகிவிடுகின்றது! உண்மையிலேயே பால் குறைந்த தாய்மாரும் சிலர் உளர். முதல் வாரத்துக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வருமாயின், பால் போதுகின்றது என்று கொள்ளலாம். ஐயமிருப்பின் தாதியிடம் காட்டுக; அடுத்த வீட்டில் கேளற்க.

இப்பேச்சினால் இலாபம் அடைந்தோரும் உண்டு. சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய டின் பாலைச் சிசுக்களுக்கு ஏற்றதெனப் பரப்பியதைக் கண்டித்து, 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பாலும் கொலையும்’ என்பது. அக்காலத்தே நம் தோட்டத்துப் பெண்கள் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் பால்மரம் வெட்டச் சென்றனர். மார்பில் கட்டிய பாலோடு நிரையில் நின்றவளைப் பாசமற்றவள் என்று எவர் சொல்லக்கூடும்?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே ஊட்டுக என்கின்றது உலகச் சுகாதார நிறுவனம். தீபகற்ப மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாள்களிலிருந்து 98 நாள்களாக 2023 ஜனவரி முதல் தேதி உயர்ந்தது. நன்றே. அவ்விடுப்பைப் பதிவேட்டில் எழுதும் கிராணி வேலை நம்முடையதாகலின், எஞ்சிய நாள்களையும் எண்ணிப் பார்த்தோம்: ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய 82 நாள் குறைகின்றது. அந்நாள்களில் தாய் என் செய்வாள்?

நம் தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் சகோதரி ஒருவர், விடுப்பு முடிந்து திரும்பிய வாரத்தில், உரக் கொட்டகையின் பின்னே ஒதுங்கிப் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டு வந்தார். வைக்க இடமில்லை என்றார். பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடிய பாத்திரத்திலிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். வெளியிலோ நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது. அலுவலகக் குளிர்பெட்டியில் சோடாப் புட்டிகள் நிறைந்திருந்தன. மேல்தட்டை ஒழித்துக் கொடுப்பதற்கு எவருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள சிற்றறை ஒன்றைப் பெறுவதற்குத்தான் மும்முறை கேட்க வேண்டியிருந்தது.

இப்போது அக்குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கின்றது. பகலில் அப்பாலைச் சங்கில் வார்த்துப் புகட்டுபவர், பால் பற்றவில்லை என்று முதலில் சொன்ன அந்த மாமியாரே.