சுவரை எடுத்துவிட்டுக் கதை கேட்கிறார்கள்

கிறிஸ்தவ இளைஞர் இதழ்களுக்குக் கதை எழுதப் போனால் ஆட்கள் தயாராக இருப்பார்கள். செல்போனில் மூழ்கிய தம்பி, ஜெபிக்க மறந்த தங்கை, கடைசிப் பத்தியில் மனந்திரும்புதல். நானும் சில எழுதினேன்.

பிறகு ஒரு கதையில், ஒரே கோவிலில் திருமுழுக்குப் பெற்ற இரண்டு பேரைக் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரின் இரு பக்கமும் புதைத்தேன். ஆசிரியர் சொன்னார்: "நல்லா இருக்கு தம்பி. சாதியை மட்டும் எடுத்துடுங்க. பிள்ளைங்க மனசுல பிரிவினை வந்துடும்." (சுவரைக் கட்டியவர்களிடம் இதை யாராவது சொன்னார்களா?) நான் எடுக்கவில்லை. கதை வரவில்லை.

பிள்ளைகளுக்கு இது தெரியாதா என்ன? சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிற அன்றே தெரிந்துவிடுகிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் தலித் சீக்கியரையும் 1990இல் தலித் பௌத்தரையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் நாம் பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கில்லை. அடிக்கும்போது சாதி பார்க்கிறார்கள், வழக்குப் போடும்போது மதம் பார்க்கிறார்கள். இதை ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்குப் புரியும்படி எழுதுவதும் விசுவாச எழுத்துதான்.

கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 1992இல் 'கருக்கு' கொடுத்தார். மறைக்கல்வி வகுப்பில் அதை வாசித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

எழுதுகிற தம்பி தங்கைகளே, தேர் எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். இதழ் போடாவிட்டால் ஜெராக்ஸ் எடுத்து இளையோர் கூட்டத்தில் கொடுங்கள். தெருப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள்.