நாகபுரியில் நான்கு கோடைகள்

விதர்ப்ப நாடு என்றவுடன் கற்றோர்க்குத் தமயந்தி நினைவுக்கு வருவாள். இரயில்வே ஊழியர்க்கு நினைவுக்கு வருவது வெயில். நாகபுரிக்கு மாற்றல் உத்தரவு கிடைத்தபோது, "குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டுத் தனியே போங்கள்" என்று கூறாத நண்பர் இலர். காவிரிப் பாசனத்தில் அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த எங்கள் அன்னையாரையும் இரு சிறு குழந்தைகளையும் அவ்வெயிலுக்கு அழைத்துச் செல்வதா என்பதே அன்று எங்கள் வீட்டின் பெரும் விவாதம். அதே நிலையில் இன்றுள்ள அன்பர்களின் பொருட்டு இதனை எழுதுகிறோம்.

நம்மவர்க்கு இவ்வூர் புதிதன்று. 1817-இல் சீதாபல்டிக் குன்றில் நடந்த போரில் சென்னைப் படைப்பிரிவுகள் பங்குகொண்டன. அருகிலுள்ள காம்ப்டி தண்டு நெடுங்காலம் சென்னைப் படையின் இருப்பிடமாக விளங்கியது. காசிப்பேட்டைக்கும் பல்லார்ஷாவுக்கும் இடையே 1929-இல் இருப்புப்பாதை இணைந்தபின், சென்னை–தில்லி நேர்வழியில் நாகபுரி அமைந்துவிட்டது. மும்பை–கல்கத்தா வழியும் இங்கேயே குறுக்கிடுகிறது. மத்திய இரயில்வேக்கும் தென்கிழக்கு மத்திய இரயில்வேக்கும் தனித்தனியே கோட்ட அலுவலகங்கள் இங்கு உள்ளன. ஆதலின் மாற்றல் உத்தரவுகளுக்கு என்றும் பஞ்சமில்லை!

இனி வெயில். மே மாதத்தில் 43 டிகிரி என்பது இங்கு வழக்கமான பகல். 45-ஐத் தாண்டுவதும் அரிதன்று. நம் அக்கினி நட்சத்திரம் முடியும் தறுவாயில் இவர்களுடைய 'நவதபா' என்னும் ஒன்பது நாட்கள் தொடங்குகின்றன. ஆயினும் அளவைவிட அதன் தன்மையே அறியத்தக்கது. கடற்கரை ஊர்களில் வெயில் வியர்வையாய் வழிந்து தன்னைத் தெரிவிக்கும். இங்கோ வியர்வை தோன்றும்போதே உலர்ந்துவிடுகிறது. உடல் நீர் இழப்பதை உடையவரே அறியார். முதியோர்க்குத் தாகமும் எளிதில் தோன்றாது.

முதற்கோடையில் ஒரு பிற்பகல் எங்கள் அன்னையார் சமையலறை வாயிலில் தலைசுற்றி விழுந்தார். அடுத்த வீட்டு மராத்திய அம்மையார் ஓடிவந்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, கண் விழித்தபின் 'பன்ஹே' என்னும் பானத்தைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். மாங்காயை வேகவைத்துப் பிசைந்து, வெல்லமும் உப்பும் சீரகமும் சேர்த்துச் செய்வது அது. மாலையில் மருத்துவர் அச்சமில்லை என்றார். எனினும் அன்னையார், "எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடு, தம்பி" என்று சொல்லிவிட்டார். ஜூன் முதல் வாரத்துக்கு எடுத்தோம்.

அதற்கு முன்னர், மே இறுதியில், காட்டோலில் அலுவலகத் தோழர் ஒருவருடைய தந்தையின் கமலா ஆரஞ்சுத் தோட்டத்துக்கு அதிகாலை வண்டியில் சென்றோம். 2014-இல் புவிசார் குறியீடு பெற்ற நாகபுரி ஆரஞ்சு விளையும் பகுதி அது. மரங்கள் இலை சுருண்டு வாடி நின்றன. பாத்திகள் வெடித்துக் கிடந்தன. கிணற்றிலோ நீர் இருந்தது. அன்னையாருக்குப் பொறுக்கவில்லை. "கிணற்றிலே தண்ணீரை வைத்துக்கொண்டு பச்சை மரத்தைக் காயவிடுகிறாரே! ஏனென்று கேள், தம்பி" என்றார்.

பெரியவர் சிரித்தார். "ஆயி, இப்போது தண்ணீர் விட்டால் இலைதான் தழைக்கும். மிருகத்தில் மழை விழட்டும், பூக்கும்" என்றார். ஞாயிறு மிருகசீரிடத்தில் புகும் ஜூன் இரண்டாம் வாரத்தையே அவர் 'மிருகம்' என்றார். மற்றவற்றை நாங்கள் மொழிபெயர்த்தோம். அச்சொல்லுக்கு மட்டும் அன்னையாருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. கோடையில் நீரை நிறுத்தி, முதல் மழையில் பூக்கவைத்தால் மாசி, பங்குனியில் பழம் பறிக்கலாம். பனிக்காலத்தில் நிறுத்தித் தை, மாசியில் பூக்கவைப்பது மற்றொரு போகம். அதன் பழம் ஐப்பசி முதல் வரும். எத்தனை நாள் காயவிடுவது என்பதில்தான் கைத்திறமை இருக்கிறதாம். மிகுந்தால் மரமே பட்டுப்போகும்.

திரும்பும் வண்டியில் அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பூட்டிபோரி... இல்லை, காளமேஸ்வர் நிலையம் கடந்தபின், "அந்த மரம் பூக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறேனே" என்றார். பயணச்சீட்டை இரத்துச் செய்தோம். ஜூலையில் மீண்டும் சென்றபோது தோட்டம் முழுவதும் வெண்பூ. அதன்பின் மூன்று கோடைகள் கடந்துவிட்டன.

குடும்பத்துடன் வருவோர்க்குச் சில செய்திகள். உத்தரவு ஏப்ரலில் வந்தாலும் வீட்டாரை ஜூன் இறுதியில் அழைத்து வருவது நலம். வெயில் கருதி விதர்ப்பத்துப் பள்ளிகள் பெரும்பாலும் அப்போதுதான் திறக்கின்றன. காற்று வேண்டிப் பகலில் சாளரம் திறக்கும் நம் வழக்கம் இங்கு ஆகாது. காலை ஒன்பதுக்குள் அடைத்து, இரவில் திறக்கவேண்டும். நீர் சொட்டும் கூலர் பெட்டி இவ்வறண்ட காற்றில் நன்கு குளிர்விக்கும். ஆனால் காற்று வெளியேற ஒரு வழி விட்டுவைக்க வேண்டும். மழை தொடங்கியதும் அதனால் பயனில்லை. அரிசிக்குக் கவலை வேண்டா. பண்டாரா, கோண்டியா மாவட்டங்கள் நெல் விளையும் பூமி. ஆவணியை ஒட்டி வரும் போளா நாளில் எருதுகளை அலங்கரித்து வணங்குகின்றனர். மறுநாள் சிறுவர்கள் மரத்தாலான எருதுகளை இழுத்துக்கொண்டு வீடுவீடாக வருவார்கள். அன்று எங்கள் வாசலில் மாட்டுப் பொங்கற் கோலம் இருக்கும். அதைப் பார்க்கவே அத்தெருப் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு முதலில் வருகிறார்கள்.