பிள்ளைக் காம்பராவில் பெரியோர் வகுப்பு

ஜூன் 9, 2024, ஞாயிறு

கடந்த வாரத்துப் பெருமழையிலே செம்மண் நிறங்கொண்டு பெருகிய களனி கங்கை இன்று சற்றே அடங்கி ஓடுகிறது. யட்டியாந்தோட்டைப் பட்டினத்தை விட்டுத் தோட்டப் பாதையில் ஏறினால் ரப்பர் மரங்களெல்லாம் இன்னும் சொட்டிக்கொண்டு நிற்கின்றன. மரம் நனைந்த நாளில் பால் வெட்டு இல்லை. இன்று ஞாயிறாகவும் இருந்தபடியால், வார நாட்களில் கைக்குழந்தைகள் தொட்டிலில் உறங்கும் பிள்ளைக் காம்பராவின் விறாந்தையிலே, அக்குழந்தைகளின் பாட்டன் பாட்டிமார் பாய் விரித்து அமர்ந்து, ஆளுக்கொரு டச் போனை மடியில் வைத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியாராகிய என்னை எதிர்பார்த்திருந்தார்கள்.

எதுவும் புதிய போன் அல்ல. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போன மகள் அனுப்பியது, கொழும்பில் கடையில் நிற்கும் பேரன் வேறொன்று வாங்கியபோது கழித்துக் கொடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. மணியடித்தால் எடுத்துப் பேச எல்லாருக்கும் தெரிகிறது. அதற்கு அப்பால் உள்ளது பேரப்பிள்ளைகளின் ராச்சியம்.

இணையம் என்றால் என்னவென்று விளக்குவதற்கு நான் முற்படவில்லை. யாரோடு பேச வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வரிசையாகக் கேட்டேன். ஒருவருக்கு எம்.ஜி.ஆர். பாட்டு வேண்டும். ஒருவருக்குச் சம்பளச் செய்தி வேண்டும். மூலையில் இருந்த அம்மையார் ஒருவர், தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்தி அழுந்தி நெற்றியில் தழும்பு விழுந்தவர், சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத் துண்டை நீட்டி, “கூடலூருக்குப் போன எங்க அக்காள ஒரு தடவ பாக்கணும், மாஸ்டர்” என்றார்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்கள் மலையகத் தமிழ் ஜனங்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இந்திரா காந்தியின் காலத்தில் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்களே, அந்தப் பங்கீட்டில் ஒரே காம்பராவில் பிறந்த அக்காள் அக்கரைக்கும் தங்கை இக்கரைக்கும் விழுந்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய அக்காள், இலங்கையிலிருந்து திரும்பியோர்க்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றில், நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில், மறுபடியும் கொழுந்து பறிக்கவே போனாள். 1984 இல் கப்பல் நின்றது. கடிதம் எழுதிக்கொடுத்த கணக்கப்பிள்ளை காலமானபின் கடிதமும் நின்றது. காகிதத் துண்டில் இருந்தது, உறவினர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகை வழியாகக் கிடைத்த அக்காளுடைய பேரனின் இலக்கம்.

ஜூன் 12, புதன்

ஞாயிறு வரை பொறுக்கமாட்டாமல், பால் வெட்டியே ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் மாலையில் வீடு தேடி வந்துவிட்டார். அவருடைய முறைப்பாடு இது: பேரன் தொட்டால் திறக்கிற படம் தாம் தொட்டால் திறப்பதில்லை, “நம்ம கைய அதுக்குப் புடிக்கல போல, மாஸ்டர்.”

இதில் போனுக்கும் குற்றமில்லை, அவருக்கும் குற்றமில்லை. இக்காலத்துத் திரை அழுத்தத்தை அறிவதில்லை. தோலிலுள்ள ஈரப்பசையின் வழியாக விரல் ஈர்த்துக்கொள்கிற அற்ப மின்னேற்றத்தையே அறிகிறது. வெட்டுக் கத்தி பிடித்துக் காய்ப்பேறி, மரத்துப் பால் உலர்ந்து உலர்ந்து வறண்டுபோன விரல் நுனிக்கு அந்த ஈரப்பசை இல்லை. கொழுந்து பறித்த பெண்களின் கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் அப்படியே. வேலை அதிகம் படாத சுண்டு விரலை ஈரத் துணியில் ஒற்றிவிட்டுத் தொடச் சொன்னேன், எம்.ஜி.ஆர். உடனே பாடத் தொடங்கினார்.

இரண்டாவது இடையூறு பழக்கத்தால் வருவது. பட்டன் போனை அழுத்திப் பழகியவர்கள் திரையையும் அழுத்திப் பிடிக்கிறார்கள். நெடுநேரம் பிடிப்பதை வேறொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு போன் வேறெதையோ காட்டுகிறது. அவர்கள் பயந்து கையை எடுத்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் தொட்டால் அதை நெடுந்தொடுதலாகக் கொள்ள வேண்டும் என்பதைக் கூட்டி வைக்க அமைப்புப் பகுதியிலே வழி இருக்கிறது. எழுத்தைப் பெருக்கவும் அங்கேயே வழி உண்டு. இவ்விரண்டையும் செய்துவிட்டுப் பாடந் தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்; பலர் பாடத்தைத் தொடங்கிவிட்டுக் கிழவரைக் குறை கூறுகிறார்கள்.

ஜப்பானிலே மசாகோ வாகாமியா என்ற ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகஸ்தர், 1935 இல் பிறந்தவர், முதியோர்க்கு உகந்த விளையாட்டு போனில் இல்லையே என்று, தாமே நிரல் எழுதக் கற்று, 2017 இல் பொம்மைக் கொலு அடுக்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கி வெளியிட்டார். இதைச் சொன்னபோது பெரியவர் கேட்ட ஒரே கேள்வி, அந்த அம்மாளுக்குக் கால் வலி உண்டா என்பது.

ஜூன் 16, ஞாயிறு

இன்று கூடலூருக்கு அழைத்தோம். அழைத்தோம் என்பது பிழை. அந்த அம்மையார் அழைத்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய பால்ய காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறைக் கட்டடம். அதற்கும் அவர் போகவில்லை, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு லயத்து வரிசை வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆகவே போனில் பெயருக்குப் பதிலாக முகத்தை வைத்தோம். அக்காளின் பேரன் அனுப்பிய படத்தை அவ்விலக்கத்தோடு சேர்த்து முதல் திரையில் ஒட்டிவிட்டால், முகத்தைத் தொடுவதும் கெமரா வடிவத்தைத் தொடுவதுமாக இரண்டே செய்கை.

நடுவில் அவருடைய பேத்தி, க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கும் சமர்த்துப் பிள்ளை, “குடுங்க பாட்டி, நான் எடுத்துத் தாறேன்” என்று கையை நீட்டினாள். நான் தடுத்துவிட்டேன். அப்பிள்ளையின் முகம் வாடியது. ஆயினும் என் காரணத்தை இங்கே விஸ்தாரமாகவே எழுத வேண்டும்.

எங்கள் பெரியோர்களுடைய ஜீவிய காலம் முழுவதும் அவர்களுடைய காகிதங்கள் வேறொருவர் கையில் இருந்தன. அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில், பட்ட கடன் இன்னதென்று எழுதிய துண்டு ஒன்று கங்காணியின் கையில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே, அந்தத் துண்டோடு தோட்டம் விட்டுத் தோட்டம் போனார்கள். 1921 இல் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் பேர்ப் புத்தகம் கணக்கப்பிள்ளையிடமும், பிரஜாவுரிமை விண்ணப்பம் தொழிற்சங்கத் தலைவரிடமும், சேமலாப நிதிப் பத்திரம் கந்தோரிலும் இருந்தன. ஒரு பெண் ஐம்பது வயதிலும் ஓர் ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் எடுக்கத்தக்க சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்கப் போனால், செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். உரியவர் கண்ணால் பார்க்காத எழுத்து அல்லவா? இப்போது போனும் பேரன் கையில், ரீலோட் போடும் கடைக்காரர் கையில், இரகசிய இலக்கம் உட்பட, போய்விடுமானால், கங்காணி மறுபடியும் வந்துவிட்டான் என்றே பொருள். அன்புள்ள கங்காணி, அவ்வளவே வித்தியாசம். பேத்தியின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. பாட்டியின் விரல் பழக வேண்டும் என்பதே என் பிடிவாதம்.

விரல் பழகியது. கூடலூரில் யாரோ எடுத்தார்கள். திரையில் முதலில் கூரை, பிறகு ஒரு சுவர், பிறகு அக்காள்.

“ஒனக்குப் பல்லெல்லாம் எங்கடி போச்சு?” என்றாள் அக்காள்.

“ஒனக்கு மட்டும் இருக்குதாக்கும்!”

அதன்பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்துப் பெண்கள் சிலர் முந்தானையை ஆயத்தமாக எடுத்தார்கள். வந்தது வழக்கு. தாயாரின் மூக்குத்தி யாரிடம் என்ற விவகாரம், கப்பலேறிய நாளில் நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்து, டேட்டா தீரும்வரை நடந்தது. ஆதலால் டேட்டா என்பது என்ன, அது ஏன் தீர்கிறது என்ற அடுத்த பாடத்தை நான் வலிந்து புகுத்த வேண்டியிருக்கவில்லை, எல்லாருமே கேட்டார்கள்.

ஜூன் 21, வெள்ளி, பொசன் பூரணை

பட்டினத்தில் அன்னதானம் வழங்கும் தன்சல் பந்தல்களில் நீண்ட வரிசை. வகுப்பில்லாத நாளாதலால், இம்முயற்சிக்கு முன்னோர் உண்டா என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மலையகத்திலேயே உண்டு. கொத்மலைச் சமுதாய வானொலியில் யுனெஸ்கோவின் உதவியோடு 1998 வாக்கில் தொடங்கிய நிகழ்ச்சி ஒன்றில், நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளுக்கு அறிவிப்பாளர்களே இணையத்தில் விடை தேடி, தங்கள் பாஷையில் ஒலிபரப்பினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைப்பு வைத்தார்கள். உலகம் வியந்த ஏற்பாடு. ஆயினும் தேடும் கை அறிவிப்பாளருடையதாகவே இருந்தது. 2005 இல் அரசாங்கம் தொடங்கிய நெனசல, தமிழில் அறிவகம், கிராமந்தோறும் கணினியைக் கொண்டுவந்து, 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் பரிசையும் பெற்றது. ஆனால் விசைப்பலகையில் எழுத்தைத் தேடுவது எழுத்தறிந்தோர்க்கே இயலும் வித்தை. 2017 இல் கூகிள் தமிழுக்குக் குரல்வழித் தட்டச்சைக் கொடுத்தபிறகே எழுத்தறியாதோர்க்கும் கதவு திறந்தது என்பேன். எங்கள் பெரியவர் இப்போது பாட்டின் பெயரைச் சொல்லித்தான் பாட்டைத் தேடுகிறார்.

என் மனத்துக்கு மிக இசைந்த உதாரணம் கேரளத்துப் புல்லம்பாறை. திருவனந்தபுரம் மாவட்டத்து அந்தப் பஞ்சாயத்தில், வகுப்புக்கு வாருங்கள் என்று ஜனங்களை அழைக்காமல், வேலை உறுதித் திட்டத்தில் அவர்கள் மண் வெட்டும் இடத்துக்கே தொண்டர்கள் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022 இல் அதனை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்தாகக் கேரள முதலமைச்சர் அறிவித்தார். எங்களுக்குக் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களம் இருக்கிறது. தோட்டத் துரைமார் மனம் வைத்தால் ஆகாத காரியமல்ல.

ஜூன் 30, ஞாயிறு

வகுப்புக்குள் சம்பளம் புகுந்துவிட்டது. மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி அறிவித்து, வர்த்தமானியிலும் வெளிவந்த 1,700 ரூபா நாட்சம்பளத்தைப் பற்றி, பெயர் தெரியாத ஒருவருடைய குரல் செய்தி லயம் லயமாகச் சுற்றுகிறது: பணம் வந்துவிட்டதாம், அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்தால் உடனே கிடைக்குமாம். இருவர் பதியவும் ஆயத்தமாயிருந்தார்கள்.

பிரட்டில் நின்று இப்படி ஒருவன் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “நீ யாரு, எந்தத் தோட்டம், யார் மகன்னு கேப்போம்” என்றார்கள். அதுவே பாடமாயிற்று: போனில் வரும் குரலுக்கும் ஊர், பேர் கேட்பது, ஊர் பேர் இல்லாததை மற்றவருக்குத் தள்ளிவிடாமலிருப்பது, போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை மாஸ்டர் கேட்டாலும் சொல்லாதிருப்பது. பின்பு நானே ஒவ்வொருவரிடமும் அந்த இலக்கத்தைக் கேட்டுப் பார்த்தேன். நெற்றித் தழும்பு அம்மையார், “போங்க மாஸ்டர் அங்கிட்டு!” என்று விரட்டினார்.

ஜூலை 7, ஞாயிறு

நான் வாய் திறக்குமுன்னரே பால் வெட்டுப் பெரியவர் செய்தி சொன்னார். வியாழக்கிழமை உயர் நீதிமன்றம் அந்தச் சம்பள வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்திருக்கிறது. குரலால் தேடி, இரண்டு வானொலிகளின் செய்தியைக் கேட்டு ஒப்பிட்டே சொல்கிறார். செய்தி கசப்பானது, ஆனால் தோட்டத்தில் அதை முதலில் அறிந்தவர் தலைவரல்லர், இவர்.

கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். லயத்துக்கு வரும்போது பாட்டிக்கு இணையத்தைக் காட்டுவதானால், போனை உங்கள் கையில் வாங்காதீர்கள். கழித்த போன்கள் இருந்தால் எங்கள் வகுப்புக்குக் கொடுங்கள். உங்கள் கணக்குகளையும் படங்களையும் முற்றாக அழித்து, எழுத்தைப் பெரிதாக்கி, சார்ஜரையும் கூடவே வைத்து அனுப்புங்கள். போன் இல்லாமல் பக்கத்தில் அமர்ந்து எட்டிப் பார்க்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள்.