மணிக்கணக்கு ஆசிரியர்கள்

சென்னையின் தெற்கே, ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகம். அதன் விஸ்காம் துறையில் படத்தொகுப்பு, ஒலி, திரைக்கதை ஆகிய பாடங்களை நடத்துகிறவர்கள் துறையின் நிரந்தர ஆசிரியர்கள் அல்ல. வடபழனியிலிருந்தும் சாலிகிராமத்திலிருந்தும் வாரத்தில் ஓரிரு நாள் வந்துபோகிற சினிமாக்காரர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் டைம்டேபிளில் அவர்கள் பெயர்கூட இல்லை. 'கெஸ்ட்' என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் பாடம் எடுப்பதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

படத்தொகுப்பு எடுப்பவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டிய காலத்தின் கடைசியில் உதவியாளராகத் தொழிலுக்குள் வந்தவர். அன்று வகுப்புக்கு வந்ததும் முதல் பெஞ்ச் பையன் ஒருவனை எழுப்பினார். "சும்மா நேரா பாருப்பா. சிரிக்காத, முறைக்காத." அவன் முகத்தை ஒரு மாணவி மொபைலில் பத்து வினாடி எடுத்தாள். பிறகு மூன்று பேரை வெளியே அனுப்பினார். ஒருவன் கேன்டீனில் எலுமிச்சைசாதத் தட்டைப் படம் எடுத்து வந்தான். இன்னொருத்தி நோட்டீஸ் போர்டிலிருந்த அரியர் பட்டியல். மூன்றாமவன் ஆளில்லாத பஸ் ஸ்டாப். அதே முகத்தை ஒவ்வொன்றோடும் ஒட்டிப் போட்டுக் காட்டினார். பசியாம், பயமாம், யாருக்கோ காத்திருக்கிறானாம். வகுப்பே சத்தம் போட்டது.

"மூஞ்சி ஒண்ணுதான்டா. நீங்கதான் கதை கட்டினீங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் சோவியத் இயக்குநர் குலஷோவின் பெயர் வந்தது. 1917 புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் கச்சா ஃபிலிம் கிடைப்பதே அரிது. 1919-இல் மாஸ்கோவில் தொடங்கிய திரைப்படப் பள்ளி உலகிலேயே முதலாவது. அங்கே ஃபிலிம் இல்லாமலேயே 'படம்' நடித்துப் பழகினார்கள் குலஷோவின் பட்டறை மாணவர்கள். ஒரே நடிகரின் முகத்தோடு சூப் தட்டையும் சவப்பெட்டியையும் மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்த சோதனை அந்தப் பட்டறையில் பிறந்தது. பாடப்புத்தகம் இதைப் பெயர், ஆண்டு, விளக்கம் என்ற வரிசையில் சொல்லும். இவர் தலைகீழாகச் சொன்னார். எலுமிச்சைசாதம் முன்னால் வந்ததால் குலஷோவ் பின்னால் வந்தபோது யாரும் கொட்டாவி விடவில்லை.

அடுத்து அவர் கொடுத்த பயிற்சி எனக்கு இன்னும் பிடித்தது. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. 400 அடி ரோல் நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். "உங்ககிட்ட ஒரு ரோல்தான் இருக்கு. ரெக்கார்ட் அழுத்தினா அடி ஓடும். டெலிட் கிடையாது" என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு இரண்டு மணி நேர ஃபுட்டேஜ் எடுத்துவிட்டு, எதை வைப்பது என்று தெரியாமல் டைம்லைன் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இவர்கள். இப்போது ஒத்திகை பார்க்கிறார்கள், நடிப்பவன் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் குறிக்கிறார்கள், ஷாட்டைக் காகிதத்தில் வரைகிறார்கள். பழைய காலத்துப் பெருமை பேசுகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். கேமராவை எப்போது அணைப்பது என்று கற்றுக்கொடுக்க இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

மதியம் ஒலி வகுப்பு. எடுப்பவர் ஒரு பெண் மிக்சிங் பொறியாளர். மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு நிமிடம் யாரும் அசையாமல் இருக்க வைத்து, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்தார். முதலில் ஒரே சிரிப்பு. ரெக்கார்டிங்கை ஹெட்ஃபோனில் கேட்டபோது சிரிப்பு நின்றது. டியூப்லைட்டின் ரீங்காரம், தூரத்துப் பைக், பக்கத்து வகுப்பின் குரல் எல்லாம் அதற்குள் இருந்தன. வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டையை இதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் சத்தம் திடீரென்று செத்துப்போய் படம் பார்ப்பவர் திடுக்கிடுவார். தமிழ் சினிமாவில் பெரும்பாலும் டப்பிங்கிலேயே பழகிவிட்டதால் இது புரிய நாளாகும் என்றார் அவர்.

இனி பணம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இங்கே கிடைப்பது அதைவிடக் குறைவு. தொகை எவ்வளவு என்பதைவிட எதை எண்ணுகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். வகுப்பறையில் நின்ற நேரம் மட்டுமே பில்லில் ஏறும். எடிட்டிங் சாருக்கு இரவு பதினொரு மணிக்கு ரஃப் கட் லிங்க் வரும். பார்த்து, வாய்ஸ் நோட்டில் திருத்தம் சொல்லி, அடுத்த கட்டையும் பார்ப்பார். அதற்குக் கணக்கில்லை. கல்லூரி விழாவுக்காக வகுப்பு ரத்தானால் அன்றைய காசும் ரத்து. ஆனால் மாணவன் தன் தொழிலைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அந்த ரஃப் கட்டில்தான்.

மறுபக்கமும் உண்டு. பொங்கல் ரிலீஸ் நெருங்கினால் இவர்கள் காணாமல் போவார்கள். ஈடுசெய்யும் வகுப்புகளைச் சனிக்கிழமைகளில் திணிப்பார்கள். துறைத் தலைவரின் எரிச்சல் நியாயமானது.

நிரந்தரப் பணி என்று பேச்சு வந்தால் நெட், செட் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டம் கேட்பார்கள். இருபது வருடம் படம் வெட்டியவரிடம் அது இருக்காது. நிரந்தரம் இல்லை என்றாலும், இவர்களுக்கு ஒரு கதவை 2022-இல் யுஜிசியே திறந்தது. துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவரைப் பட்டம் கேட்காமல் 'நடைமுறைப் பேராசிரியராக' நியமிக்கலாம். மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. நான் போன துறையில் அப்படி ஒருவர்கூட இல்லை.

தொழிலிலிருந்து வருகிறவர் கொஞ்ச காலம் இருந்தாலும் என்ன நடக்கும் என்பதற்குப் புனே சாட்சி. பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியில் வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் அறுபதுகளின் நடுவில் கொஞ்ச காலமே பாடம் எடுத்தார். பின்னர் இயக்குநர்களான மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் ஆபிரகாம் மூவரும் அவர் மாணவர்கள். ஜான் பின்னாளில் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்தார்.

நான் போன துறையிலோ செமஸ்டர் கேள்வித்தாளை இந்த கெஸ்ட் ஆசிரியர்கள் தயாரிப்பதில்லை, பாடத்திட்டக் குழுவிலும் இவர்களுக்கு இடமில்லை. எலுமிச்சைசாதத்தில் குலஷோவைப் புரிந்துகொண்ட பையன், தேர்வில் அதைப் பத்து மதிப்பெண் கட்டுரையாக எழுதிவிட்டு வருவான்.

துறைத் தலைவர்களிடம் கேட்க இரண்டுதான் உண்டு. ரஃப் கட் பார்க்கும் நேரத்தையும் பில்லில் சேருங்கள். பாடத்திட்டம் போடும் மேஜையில் இவர்களில் ஒருவரையாவது உட்கார வையுங்கள். பிள்ளையை விஸ்காமில் சேர்க்கப் போகும் பெற்றோர், கேமரா எத்தனை இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், எடிட்டிங் யார் எடுக்கிறார்கள், அவருக்கு எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.