நாலு சீட்டும் ஒரு ‘லிமிட்’டும்

2003-ல் லாஸ் வேகாஸில் நடந்த வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முக்கியப் போட்டியில் 839 பேர் உட்கார்ந்தார்கள். ஜெயித்தவர் சீட்டாட்டத்தையே தொழிலாக வைத்திருந்தவர் இல்லை. டென்னஸியைச் சேர்ந்த ஒரு அக்கவுண்டன்ட்! பெயர் கிறிஸ் மணிமேக்கர். பரிசு 25 லட்சம் டாலர். (கதையில் ஒரு பாத்திரத்துக்கு இந்தப் பெயரை வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.) காமர்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம் :-)

அவர் ஜெயித்த ஆட்டம் டெக்ஸஸ் ஹோல்டெம். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் போக்கர் கற்றுக்கொண்டவர்கள் உலகம் முழுக்க ஏராளம். அப்படிக் கற்றவர்களில் பலர் அடுத்ததாக உட்காரும் ஆட்டம் ஒமாஹா. உட்கார்ந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஏன் என்பதுதான் இன்றைய பாடம்.

முதலில் ஹோல்டெம் எப்படி என்று சுருக்கமாக. ஒவ்வொருவர் கையிலும் 2 சீட்டு, அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு. அந்த ஐந்தும் ஒரே நேரத்தில் வராது. முதலில் 3 (இதற்குப் பெயர் ஃப்ளாப்), பிறகு 1 (டர்ன்), கடைசியாக 1 (ரிவர்). பொதுச் சீட்டு வருவதற்கு முன்னால் ஒரு சுற்று, இந்த மூன்றுக்கும் பிறகு ஒவ்வொரு சுற்று என்று மொத்தம் நாலு சுற்றுப் பந்தயம். கடைசியில் மொத்தம் உள்ள 7 சீட்டில் சிறந்த 5 எதுவோ அதுதான் கை.

ஒமாஹாவில் கையில் 2-க்குப் பதில் 4 சீட்டு. மற்றதெல்லாம் அப்படியே. 1980-களின் தொடக்கத்தில் லாஸ் வேகாஸின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில்தான் இது பிரபலமானது. ‘சரிதான், கூட ரெண்டு சீட்டு, அவ்வளவுதானே’ என்று தோன்றும். இல்லை. இங்கே ஒரு கறாரான விதி இருக்கிறது: கையிலிருந்து சரியாக 2, மேஜையிலிருந்து சரியாக 3. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மேஜையில் நாலு ஹார்ட்டின் சீட்டு கிடக்கிறது. புதியவர் கையில் ஹார்ட்டின் ஏஸ். வேறு ஹார்ட்டின் இல்லை. ஹோல்டெமில் இது அட்டகாசமான ஃப்ளஷ். ஒமாஹாவில் ஒன்றுமே இல்லை! மேஜையிலிருந்து மூன்றுதான் எடுக்கலாம், கையிலிருந்து இரண்டு ஹார்ட்டின் வேண்டும். அவரிடம் இருப்பது ஒன்று. அவர் சந்தோஷமாகக் காசைத் தள்ளுவார். எதிரில் இருப்பவர் அதைவிடச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

இன்னொன்று. ஆரம்பத்திலேயே கையில் நாலு ஏஸ் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். துள்ளிக் குதிக்க வேண்டாம். இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், அதனால் அது வெறும் ஒரு ஜோடி ஏஸ். மூன்றாவது ஏஸ் மேஜையில் வருமா என்றால் அதுவும் வராது, எல்லாம் இவர் கையிலேயே இருக்கிறதே!

கணக்குப் பிரியர்களுக்கு: நாலில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழி, ஐந்தில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 10 வழி. ஆக ஒவ்வொரு கைக்கும் 60 சேர்க்கை. ஹோல்டெமில் ஆரம்பக் கை 1,326 விதமாக வரலாம். ஒமாஹாவில் 2,70,725 விதம். பெரிய பெரிய கைகள் சர்வ சாதாரணமாக விழும். ஹோல்டெமில் ராஜாவாக இருந்த கை இங்கே சிப்பாய்.

இதெல்லாம் அரை மணி நேரத்தில் மனதில் பதிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது சீட்டு விதி இல்லை, பந்தய விதி.

போக்கரில் பந்தய அமைப்பு பெரும்பாலும் மூன்று வகை. ஃபிக்ஸட் லிமிட்: எவ்வளவு வைக்கலாம் என்பது முன்பே முடிவான தொகை. நோ லிமிட்: எதிரில் இருக்கும் மொத்தத்தையும் எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். மூன்றாவது பாட் லிமிட். நடுவில் சேர்ந்திருக்கும் தொகைக்குப் பெயர் பாட். அந்தப் பாட் எவ்வளவோ அதுவரைதான் உயர்த்தலாம். ஒமாஹா அதிகமாக ஆடப்படுவது இந்த மூன்றாவது வகையில்தான்.

‘லிமிட்’ என்ற சொல்லைக் கேட்டதும் பாதுகாப்பாக இருப்பது மாதிரி ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்டம் தொடங்க இருவர் கட்டாயமாகப் பணம் வைக்க வேண்டும். ஒருவர் 1, அடுத்தவர் 2 (இவை பிளைண்ட்). இப்போது பாட் 3. முதலில் ஆடுபவர் அதிகபட்சம் எவ்வளவு வைக்கலாம்? 3 என்பது தவறு. முதலில் அவர் 2 கொடுத்து ‘கால்’ செய்ததாகக் கணக்கு. பாட் 5 ஆகிறது. அந்த 5 அளவுக்கு மேலும் உயர்த்தலாம். ஆக மொத்தம் 7. அடுத்தவர்? பாட்டில் 10 இருக்கிறது, அவருடைய கால் 7, மொத்தம் 17, அதன் மேல் இன்னொரு 17. ஆக 24.

முதலாமவர் ஒத்துக்கொள்கிறார், மற்ற எல்லோரும் விலகிவிட்டார்கள். இருவரும் தலா 24, பிளைண்ட் வைத்துவிட்டுப் போனவர்களின் 3. பாட் 51. இன்னும் ஒரு பொதுச் சீட்டுகூட வரவில்லை!

இனி ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் பாட் அளவுக்கு வைத்து, மற்றவர் ஒத்துக்கொண்டால் பாட் மூன்று மடங்காகும். ஃப்ளாப்பில் 153. டர்னில் 459. ரிவரில் 1,377. ஒருவர் போட்ட தொகை மட்டும் 24 + 51 + 153 + 459 = 687. ஆரம்பித்தது 2-ல்.

இதே 2-ல் தொடங்கும் ஃபிக்ஸட் லிமிட் ஆட்டத்தில், ஒரு சுற்றுக்கு ஒரு பந்தயமும் மூன்று உயர்த்தலும் என்ற வழக்கமான வரம்பில் எவ்வளவு முட்டி மோதினாலும், ஒருவர் போடக்கூடியது 8 + 8 + 16 + 16 = 48. அதுவும் லிமிட், இதுவும் லிமிட். 48 எங்கே, 687 எங்கே! கூட்டு வட்டி படித்தவர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. ஒவ்வொரு படியும் சின்னதாகத்தான் இருக்கும், ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தால்தான் உயரம் தெரியும். (எதிரில் வைத்திருக்கும் காசுக்கு மேல் யாரும் பந்தயம் வைக்க முடியாது என்பது மட்டும் ஒரு ஆறுதல். வழக்கமாக 200-உடன் உட்காருகிறவருக்கு டர்னிலேயே எல்லாம் காலி.)

பந்தய அமைப்பு மாறினால் சீட்டின் மதிப்பே மாறிவிடும். ஃப்ளாப்பில் ஒருவருக்கு ஃப்ளஷ் ஆக இன்னும் ஒரு சீட்டு தேவை. அவர் பார்த்தது 7 சீட்டு, பார்க்காதது 45. அதில் தேவையானவை 9. அடுத்த சீட்டில் வர வாய்ப்பு 45-ல் 9, அதாவது ஐந்தில் ஒன்று.

பாட்டில் 100 இருக்கிறது. வந்தால் ஜெயம், வராவிட்டால் விலகல் என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 10 வைக்கிறார். ஐந்து தடவை ஒத்துக்கொண்டால் ஒரு தடவை 110 கிடைக்கும், நாலு தடவை 10 வீதம் போகும். லாபம் 70. அதே எதிராளி பாட் அளவுக்கு 100 வைக்கிறார். ஒரு தடவை 200 கிடைக்கும், நாலு தடவை 100 வீதம் போகும். நஷ்டம் 200! சீட்டு அதே சீட்டு. வாய்ப்பு அதே வாய்ப்பு. மாறியது விலை மட்டும். சீட்டு வந்த பிறகு மேலும் சம்பாதிக்க வழி இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் ‘வரும்போல இருக்கு’ என்ற நினைப்பு அந்த வழிகளில் ஒன்று இல்லை.

புதியவர் இந்த இடத்தில் வேறு ஒரு கணக்குப் போடுவார். ‘ஏற்கெனவே இவ்வளவு போட்டாச்சே, இப்ப விட்டா எல்லாம் போயிடுமே!’ காஸ்டிங் வகுப்பில் சங்க் காஸ்ட் என்று ஒரு பாடம் வரும். போன செலவு போனதுதான், இனி எடுக்கும் முடிவில் அதற்கு இடமில்லை. தேர்வில் இதை ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக எழுதிவிடலாம். பாட்டில் 51 கிடக்கும்போது அதை நினைவில் வைத்திருப்பதுதான் கஷ்டம். அங்கே கிடப்பது இனி யாருடைய பணமும் இல்லை. கேள்வி ஒன்றுதான்: இப்போது கேட்கும் விலைக்கு இந்தச் சீட்டு தகுமா?

2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பாகுபாடு அதில் கிடையாது. அதனால் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு சீட்டுக்கட்டு, நாலு பேர், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. ஆளுக்கு 200 எண்ணி எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன 7, 24, 51 கணக்கை ஒரே ஒரு தடவை உண்மையாக ஆடிப் பாருங்கள். ஃப்ளாப் முடிவதற்குள் 75 கொட்டை நடுவில் போயிருக்கும். டர்னில் மீதி 125-ம் போகும்.

வெறும் கொட்டைதான். ஆனாலும் கை அந்தக் குவியலை நோக்கிப் போகும்போது ‘இவ்வளவு போட்டாச்சே’ என்று மனசு சொல்வது காதில் விழும். போக்கர் கற்றுக்கொள்கிறவர் முதலில் கேட்டுப் பழக வேண்டிய குரல் அதுதான்.