மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

திருப்பதி அலிபிரி சாலையில், தேவஸ்தானம் நடத்தும் ஸ்விம்ஸ் மருத்துவமனை. நரம்பியல் பிரிவில் காலையிலேயே ஓ.பி. சீட்டுடன் கூட்டம். ராயலசீமாக்காரர்களுக்கு நடுவே சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் உட்கார்ந்திருந்தன. "வயசாயிடுச்சு, மறக்கத்தானே செய்யும்" என்ற பேச்சு தமிழிலும் தெலுங்கிலும் காதில் விழுந்தது.

உள்ளே, 70 வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். வீட்டில் தமிழ்தான் என்று தெரிந்ததும் டாக்டரும் தமிழுக்கு மாறினார். முதல் கேள்வி மகளுக்கு: "எப்ப ஆரம்பிச்சதும்மா? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

பாதி விஷயம் இதிலேயே பிரிந்துவிடுகிறது. ஓரிரு நாளில் புத்தி தடுமாறினால் சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாகலாம். அது அவசர சிகிச்சை. சில வாரங்களில் மோசமானால், என்றோ விழுந்த அடியில் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மறதியோடு நடை தடுமாறி, சிறுநீரும் அடங்காவிட்டால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கவாதத்துக்குப் பிறகும் ஒரு படி இறங்கினால் ரத்தக்குழாய்க் கோளாறு. வருடக்கணக்கில் மெல்ல நழுவினால்தான் அல்சைமர் சந்தேகம் வலுக்கும்.

மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், இரண்டு வந்தன. கடிகாரம் வரையச் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர் கடிகாரம் வரையத் திணறினால் அதை நோய் என்று எழுதிவிட முடியாதே! "ஐயா, 32 ரூபாய்க்குத் தக்காளி வாங்கிட்டு 50 ரூபாய் கொடுத்தா மீதி எவ்வளவு?" பதில் சட்டென்று வந்தது: "பதினெட்டு."

அடுத்து, மகள் கொண்டுவந்த துணிப்பை மேஜையில் கொட்டப்பட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு தூக்க மாத்திரை, சளி மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதைக் கட்டுப்படுத்தும் மாத்திரை. கடைசி மூன்றும் முதியவர்களின் நினைவை மங்க வைக்கக்கூடியவை. எதைக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. தைராய்டு, பி12, சோடியம் பரிசோதனைகளும் தலைக்கு சி.டி. ஸ்கேனும் எழுதினார். மனச்சோர்வு உண்டா, காது சரியாகக் கேட்கிறதா என்றும் விசாரித்தார். இவற்றில் பலவும் கண்டுபிடித்தால் சரிசெய்யக் கூடியவை.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு. மறதி என்று வருகிற எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள் அல்ல.

பெரியவர்களை அழைத்துப் போகும்போது கூடவே வசிப்பவர் போங்கள். கண்ணாடி, காதுக் கருவி, வீட்டிலுள்ள மாத்திரைகள் அத்தனையும் கையில் இருக்கட்டும்.