உளி பட்டால் போகும் கோடு

கல்லில் போடுகிற கோடு உளி பட்டதும் போய்விடும். போனால் மறுபடி போட வேண்டும். ஒரு தூண் முடிவதற்குள் அதே நடுக்கோட்டை எத்தனை தடவை போட்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. கட்டட வரைபடம் என்றதும் நமக்கு நீளத் தாளோ கணினித் திரையோதான் நினைவுக்கு வரும். திருவந்திபுரத்தில், கெடிலக் கரையை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் நான் பார்த்த வரைபடங்கள் கருங்கல்லின் மேல் இருந்தன. சாயங்காலத்துக்குள் அவற்றில் பாதி தூளாகிப் போயிருந்தது.

அன்று முகூர்த்த நாள். தேவநாத சுவாமி கோயிலில் தாலி கட்டி முடித்த கூட்டமும் வேன்களும் தெருவை அடைத்திருந்தன. ஔஷதகிரி மேலிருக்கும் ஹயக்ரீவரிடம் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் படியேறிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையில் பக்கத்துக் கிராமத்து அம்மன் கோயில் மண்டபத்துக்குத் தூண்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஸ்தபதி எழுபதைத் தாண்டியவர். அவரிடம் தொழில் பழகுகிறவர்கள் இருவர். ஒருவன் உறவுக்காரப் பையன். இன்னொருத்தி சிதம்பரம் பக்கத்துப் பெண், கட்டடக்கலை மாணவி. விடுமுறைகளில் வந்து போகிறாள்.

அவள் மடிக்கணினியில் எட்டுப்பட்டைத் தூணின் வெட்டுமுகத்தை ஒரே கட்டளையில் வரைந்து காட்டினாள். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. இப்போ இதைக் கல்லுல போடு."

கல்லில் போடுவதற்கு முன் முகம் மட்டமாக வேண்டும். காவி பூசிய மட்டக்கட்டையைப் பையன் கல்லின் மேல் வைத்துத் தேய்த்தான். மேடான இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டியது. ஒட்டிய இடத்தை மட்டும் பொளிந்தான். மறுபடி தேய்த்தான், மறுபடி பொளிந்தான். முகம் முழுக்கச் சிவப்பு ஒரே சீராக ஒட்டும்வரை இதே வேலை. அதன் பிறகு காவியில் நனைத்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார்கள். கோடு விழுந்தது.

தூணின் தலைமாட்டுச் சதுரத்தில் மூலைக்கு மூலை நூல் அடித்தார்கள். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். கவராயத்தின் ஒரு காலை மூலையில் ஊன்றி, மறு காலை மையம்வரை விரித்து, அந்த விரிவு மாறாமல் பக்கத்து இரண்டு விளிம்புகளிலும் குறி போட வேண்டும். நான்கு மூலையிலிருந்தும் இப்படிச் செய்தால் விளிம்புகளில் எட்டுக் குறி விழும். சேர்த்தால் எட்டுப் பக்கமும் சமமான எண்கோணம். அளவுகோலைத் தொடவே வேண்டாம். மாணவி நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சதுரத்தின் பக்கம் 1 அடி என்றால், கிட்ட இருக்கும் மூலையிலிருந்து குறி விலகி நிற்பது 0.293 அடி, எண்கோணத்தின் பக்கம் 0.414 அடி. எல்லாப் பக்கமும் சரியாக வந்தது.

"கல்லு சதுரம் தப்பியிருந்தா என்னங்க ஐயா பண்றது?" என்று கேட்டாள்.

"மையம் தப்பும். மையம் தப்பினா எட்டுப் பட்டையும் எட்டு விதமா நிக்கும். அதான் மூலைமட்டம் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் நூலு. கம்ப்யூட்டர்ல கல்லு எப்பவும் சதுரமாத்தானம்மா இருக்கு."

இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய வெட்டுமுகத்தைத் தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். கோயில் நிர்வாகத்துக்கும் பொறியாளருக்கும் காட்ட அந்தப் படம் வேண்டும். வெட்டுகிற கைக்கு வேறு படம் வேண்டும். வரைபடம் கற்பது என்றால் இந்த இரண்டையும் கற்பது என்றே நான் நினைக்கிறேன். நம் கல்லூரிகளில் முதலாவது நன்றாகவே கிடைக்கிறது. இரண்டாவதைத் தேடி ஒரு மாணவி விடுமுறையில் கல்தூசிக்குள் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

அளவு விஷயத்திலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. கல்லூரியில் 1:50, 1:100 என்று சுருக்குவார்கள். சிலை வேலையில் தாளக் கணக்கு. உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஓர் அங்குலமாக வைத்துக்கொள்வார்கள். கடையில் வாங்கும் டேப்பில் இந்த அங்குலம் கிடையாது. அந்த உருவத்துக்குள்ளேயே பிறப்பது. ஓரடிச் சிலைக்கும் பத்தடிச் சிலைக்கும் ஒரே படம் போதும். கட்டடத்துக்கோ, அளவு நல்லதா ஆகாததா என்று பார்க்கும் ஆயாதிக் கணக்கு உண்டு. அதில் ஒன்றான யோனி பார்க்கச் சுற்றளவை 3-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். சுற்றளவு 42 முழம் என்றால் மீதி 6. அது கர யோனி, ஆகாது. 43 முழம் என்றால் மீதி 1; துவஜ யோனி, உத்தமம். பையன் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். நம்புகிறோமோ இல்லையோ, அதன் விளைவு ஒன்று என் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கோடு போடுவதற்கு முன்பே கட்டடத்தின் மொத்த அளவும் முடிவாகிவிடுகிறது. நடுவில் யாரும் இஷ்டத்துக்கு அரையடி கூட்ட முடியாது.

அளவைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை உண்டு. வேதாந்த தேசிகர் பல்லாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. எல்லாக் கலையும் அறிந்தவர் என்ற பட்டம் அவருக்கு இருந்ததால் ஒரு சிற்பி சவால் விட்டானாம். தேசிகர் தம் உருவத்தையே வார்த்துக் கொடுத்தார், சிற்பி பீடம் செய்தான், உருவம் பீடத்தில் உட்காரவில்லை. உருவத்தில்தான் பிழை என்று அவன் அதைச் செதுக்கப் போக, தேசிகர் உடம்பில் ரத்தம் வந்தது என்பார்கள். பிழை பீடத்தில் இருந்தது. பெரியவர் இந்தக் கதையைப் பக்தியோடு சொல்லிவிட்டுப் பையனைப் பார்த்துச் சேர்த்தார்: "பொருந்தலைன்னா உடனே உளியை எடுக்காதே தம்பி. ரெண்டையும் அளந்து பாரு."

இந்த வட்டாரத்துச் சிற்பிகளிடம் பாடம் கேட்டவர்களில் ஒரு பிரெஞ்சுக்காரரும் உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், திராவிடக் கட்டடக்கலையின் உறுப்புகளுக்கு என்ன பெயர் என்பதைத் தொழில் செய்கிறவர்களிடமே கேட்டார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில் வேலை செய்த சிற்பிகளும் அவருக்கு உதவினார்கள். 1914-இல் வந்த அவருடைய நூலில் பொதிகை, பலகை, நாகபந்தம், கும்பம் என்று உறுப்பு உறுப்பாகப் பெயரிட்ட கோட்டுப் படங்கள் இருக்கின்றன. அதற்கும் முன்பே தஞ்சாவூர்க்காரரான ராம் ராஸ், சிற்ப நூல்களைத் தொழில் தெரிந்தவர் துணையோடு படித்துப் படங்களோடு எழுதிய நூல், அவர் இறந்த பிறகு 1834-இல் லண்டனில் அச்சானது. இன்றைய மாணவர்கள் கோயிலின் பகுதிகளைப் படிக்கும் முறைக்கு இந்த இரண்டு நூல்களும் அடிப்படை. இரண்டிலும் ஆசிரியர் பெயர் அட்டையில் நிற்கிறது. சொல்லிக்கொடுத்த ஆசாரிகளை யாருக்கும் தெரியாது.

சிதம்பரத்தில் அந்தக் குறை இல்லை. நடராசர் கோயில் வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் சிலையைப் பார்க்கப் போகிறவர்கள், உள்ளே கட்டியவர்களின் உருவங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். விருத்தகிரி கேசவப் பெருமாள், அவர் மகன் விசுவமுத்து, திருப்பிறைக்கொடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி என்று நான்கு பேரின் பெயரும் கல்லில் இருக்கின்றன. அளவுகோலும் செதுக்கப்பட்டிருக்கிறது. அரசனுக்கு நிகராக ஆசாரிக்கும் இடம் கொடுத்த வாசல் அது. ஆனால் அந்த நால்வர் எதை வரைந்து வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய கோபுரத்தை எழுப்பினார்கள் என்பதற்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. மாறாக, மத்தியப் பிரதேசத்துப் போஜ்பூரில் 11-ஆம் நூற்றாண்டுக் கோயில் முடிவடையாமல் நின்றுபோனதால், சுற்றியுள்ள பாறைகளில் கீறிய கட்டடப் படங்கள் இன்றும் இருக்கின்றன.

கொட்டகையை ஒட்டிய வீட்டின் பரணிலிருந்து பெரியவர் சுருள்களை இறக்கினார். விமானங்கள், அதிஷ்டானங்கள், ஒரு தேர். எல்லாம் பாதிப் படங்கள். இடப்பக்கம் வரைந்தால் வலப்பக்கம் அதுவே என்பதால் நடுக்கோட்டோடு நிறுத்தியிருக்கிறார். குமுதத்தின் வளைவு, கபோதத்தின் சரிவு ஆகியவற்றின் ஓரத்தில் பென்சிலில் எண்கள். பல இடங்களில் அடித்துத் திருத்திய எண்கள். கல் வந்த அளவைப் பார்த்து மாற்றியவை. எனக்கு அந்தத் திருத்தங்கள்தான் மிகவும் மதிப்புள்ளவையாகப் பட்டன. சில சுருள்களைக் கரையான் தின்றிருந்தது. கும்பாபிஷேகம் முடிந்தால் படத்தை யாரும் கேட்பதில்லை என்றார்.

கேட்க வேண்டும். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுக் கல்லூரி இந்தக் கலையைப் பட்டப்படிப்பாகவே வளர்த்திருக்கிறது. அங்கே ஒரு வரைபடக் காப்பகம் இயல்பாகப் பொருந்தும். திருப்பணிக் கோப்போடு ஸ்தபதியின் படத்துக்கும் ஒரு நகல் வாங்கி வைப்பது அறநிலையத் துறைக்குப் பெரிய செலவில்லை. எந்தக் கோயில், எந்த ஆண்டு, யார் வரைந்தது, கல்லில் எது மாறியது என்று நான்கு வரி எழுதினால் போதும்.

பெரியவருக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. "படம் கையில கிடைச்சா எவனாவது அப்படியே வெட்டிருவான். ஊருக்கு ஊர் கல்லு வேற, கணக்கு வேற." நியாயமான பயம்தான். ஆகவே படத்தோடு அவர் சொல்வதையும் சேர்த்தே வைக்க வேண்டியிருக்கிறது. மாணவி ஒவ்வொரு சுருளையும் பாயில் விரித்து, ஓரத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தாள். திருத்திய எண் வரும்போதெல்லாம் ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்தாள். தேருக்கு மட்டும் நெடுநேரம் ஆயிற்று. மீதிச் சுருள்களை அடுத்த விடுமுறையில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.